யாரும் வரையாமல் ரசாயனக் கரைசலிலும் உயிரணுவிலும் வடிவங்கள் எப்படித் தானாக வருகின்றன?

கேள்வி கேட்டவர் பிளஸ் டூவோ கல்லூரி முதலாண்டோ படிப்பவர் என்று நினைக்கிறேன். ஒழுங்கின்மைதான் கூடும் என்று வெப்ப இயக்கவியலில் படித்துவிட்டு, வடிவம் தானாக வருகிறது என்றால் எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். மொத்தக் கணக்கில் அந்த விதி எங்கும் மீறப்படவில்லை. கரைசல் சமநிலைக்குப் போய்ச் சேரும் வழியில், உள்ளே வேதி ஆற்றல் செலவாகிக்கொண்டிருக்கும் வரைதான் இந்த ஆட்டமெல்லாம். சரக்கு தீர்ந்தால் கோலமும் அழிந்துவிடும். இவ்வளவுதான் பதில். இனி வருவது கொஞ்சம் சொந்தக் கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஓர் அறிவியல் கண்காட்சியில் என் மாணவிகள் இருவர் பெலோசவ்–ஜாபோட்டின்ஸ்கி வினையைச் செய்து காட்டினார்கள். புரோமேட், மலோனிக் அமிலம், கந்தக அமிலம், கொஞ்சம் புரோமைடு. கலந்ததும் புரோமின் கிளம்பிப் பழுப்பாகும். அது தெளிந்ததும் ஃபெரோயின் என்ற நிறங்காட்டியை விட்டு, பெட்ரி தட்டில் மெல்லிசாக ஊற்றி, அசைக்காமல் வைக்க வேண்டும். முதலில் தட்டு முழுக்கச் செங்கல் நிறம்தான். அப்புறம் எங்கோ ஒரு தூசியிலோ கீறலிலோ நீலப் புள்ளி ஒன்று வரும். புள்ளி வளையமாகும், வளையம் விரியும், அதே நடுவிலிருந்து அடுத்த வளையம் கிளம்பும். இரண்டு வளையங்கள் முட்டுகிற இடத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். தண்ணீர் அலைகள் ஒன்றையொன்று கடந்து போய்விடும்; இவை முட்டிய இடத்திலேயே இரண்டும் அணைந்துபோகும். ஒவ்வோர் அலைக்குப் பின்னாலும், மீண்டும் தூண்டப்படக் கொஞ்ச நேரம் பிடிக்கிற ஒரு பட்டை இருப்பதுதான் காரணம்.

நடுவராக வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "யாரு டீச்சர் டை ஊத்தினது? இது மேஜிக் ஷோ ஆக்கும்" என்றார். பிள்ளைகள் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்துத் தட்டில் சமையல் உப்பைப் போடச் சொன்னேன். வளையங்கள் நின்றன. குளோரைடு இந்த வினையைக் கெடுத்துவிடும். வெறும் சாயம் உப்புக்கு ஏன் அடங்கப்போகிறது? அவர் அதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இதே காரணத்தால் எங்கள் கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் இதைச் செய்ய முடியாது. டிஸ்டில்டு வாட்டரைப் பேட்டரிக் கடையில் என் காசு போட்டு வாங்கினேன். ஆய்வகத்துக்கு வருகிற பணம் எங்கே போகிறது என்று எழுதினால் இந்தப் பதில் முடியாது. முதல் பரிசு தெர்மாகோல் எரிமலைக்கு. எரிமலை மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் வருஷா வருஷம் எரிமலையா?

இந்த வினையைக் கண்டுபிடித்த சோவியத் வேதியியலாளர் பெலோசவுக்கு நடந்ததும் தெரிந்திருக்கட்டும். 1951இல் சோவியத் ஆய்விதழ் ஒன்று, இப்படி நடக்கவே முடியாது என்று அவர் கட்டுரையைத் திருப்பியது. 1959இல் ஒரு மாநாட்டுச் சுருக்கத் தொகுப்பில்தான் அது வெளிவந்தது. ஜாபோட்டின்ஸ்கி அறுபதுகளில் அதை மேலே கொண்டுபோனார். 1980இல் இந்த வேலைக்கு லெனின் பரிசு என்ற பெரிய சோவியத் விருதை அறிவித்தபோது பெலோசவ் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. நான் என்னை அவரோடு சேர்த்துக்கொள்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

நடுவரின் அந்தப் பேச்சு எனக்குச் சுட்டதற்கு வேறு காரணம். அப்பா கன்னியாகுமரியில் சிப்பிக்கடை வைத்திருந்தார். சுற்றுலா வருகிறவர்கள், முக்கோணம் முக்கோணமாய் வரி விழுந்த கூம்புச் சிப்பியை எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார்கள். "பெயின்ட்தானே, பாதி விலைக்குக் கொடு." அப்பா, "கடலுக்குள்ள போயி யாரு சாரே பெயின்ட் அடிக்கா?" என்பார்.

அந்தச் சிப்பி அதன் வாய் விளிம்பில் மட்டும்தான் வளர்கிறது. விளிம்பையொட்டிய செல்கள் நிறமியை விடுவதும் நிறுத்துவதுமாக இருக்க, ஓட்டில் ஒவ்வொரு வரியும் ஒரு நேரத்தின் பதிவாகிறது. எதிரெதிரே ஓடிய இரண்டு நிற அலைகள் விளிம்பில் முட்டி அணைந்தால் அங்கே ஒரு முக்கோண முனை விழும். ஜெர்மன் உயிரியலாளர் ஹான்ஸ் மைன்ஹார்ட் இப்படித்தான் கணினி மாதிரிகளில் சிப்பி வரிகளை எடுத்துக் காட்டினார். தட்டில் நான் பார்த்த அதே முட்டல்தான் இது.

அசையாத வரிகளுக்குக் கணித மேதை ஆலன் டூரிங் 1952இல் வழி சொன்னார். 1972இல் கீரரும் மைன்ஹார்ட்டும் அதைத் தெளிவாக்கினார்கள். ஒரு பொருள் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு மெல்லப் பரவும். அது உண்டாக்கும் இன்னொன்று வேகமாகப் பரவி அதை அடக்கும். தக்கலை ரோட்டில் ஒரு டீக்கடை ஓடத் தொடங்கினால் ஆள் சேரச் சேர இன்னும் ஓடும், பக்கத்தில் இன்னொன்று தலையெடுக்காது, கொஞ்சம் தள்ளித்தான் அடுத்த கடை. இடைவெளியை யாரும் அளந்து வைப்பதில்லை. கடல் ஏஞ்சல் மீன் வளரும்போது வரிகள் அகலாமல் நடுவே புது வரி பிளந்து வருவதை 1995இல் கோண்டோவும் அசாயும் காட்டினார்கள்.

செல்லுக்குள்ளும் உண்டு. ஈ.கோலை பாக்டீரியாவில் 'மின்' (Min) என்று பெயர் வைத்த புரதங்கள் (மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) ஒரு முனைக்கும் மறுமுனைக்குமாக, ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு சுற்று, அலைந்துகொண்டே இருக்கும். முனைகளில் பிரியவிடாமல் தடுப்பதால் செல் நடுவில் பிரிகிறது. 2008இல் பெட்ரா ஷ்விலேயின் குழு அந்தப் புரதங்களையும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியையும் மட்டும் ஒரு தட்டையான கொழுப்புப் படலத்தில் விட்டது. செல்லே இல்லாமல் அலைகள் ஓடின.

உடனே, இயற்கையில் வரி என்றாலே டூரிங்தானா என்று சண்டைக்கு வருவார்கள். இல்லை. பழ ஈயின் கருவில் ஈவன்-ஸ்கிப்டு மரபணு போடும் ஏழு பட்டைகளில் பலவற்றுக்குத் தனித்தனி மரபணு உத்தரவு இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

செய்து பார்க்க ஆசையென்றால் வீட்டில் வேண்டாம். புரோமின் புகை நெஞ்சுக்கு ஆகாது, அமிலமும் இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில், பொறுப்பாளர் கூட இருக்கும்போது, சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மலோனிக் அமிலம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பள்ளி அலமாரியில் பெரும்பாலும் இருக்காது.