நடனமணியோடு ஓவியர் சேரும்போது

கேள்வி: பகலில் கணக்கராகப் பணிபுரியும் நான், இரவில் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலுள்ள என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நீர்வண்ண ஓவியங்கள் வரைகிறேன். பரதநாட்டியம் ஆடும் தோழி ஒருவர், இணைந்து ஒரு நிகழ்ச்சி படைக்கலாம் என்கிறார். முன்பு வேறொருவருடன் சேர்ந்தபோது என் ஓவியங்கள் மேடைத் திரையாகவே முடிந்தன, பெயரும் இடம்பெறவில்லை. நட்பு கெடாமல் இதை எப்படி அணுகுவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நாட்டியம் முழுமையாக அமைந்த பிறகு அழைக்கப்படும் ஓவியருக்குப் பின்னணியைத் தவிர வேறு இடம் மிஞ்சுவதில்லை. ஆகவே பாடலும் அடவும் (நடன அசைவுகளும்) முடிவாகும் முன்பே ஒத்திகைக்குச் சென்று அமருங்கள். அங்கேயே கோட்டோவியங்கள் வரைந்து காட்டி, அவற்றுள் ஒன்றைப் பார்த்துத் தம் அசைவு ஒன்றையேனும் மாற்றிப் பார்க்க அவர் விரும்புகிறாரா என்று கவனியுங்கள். விருப்பமில்லையென்றால், அவருக்குத் தேவை கட்டணத்துக்கு வரைந்து தரும் ஓவியர்தான். அதுவும் கௌரவமான வேலையே. தொகையைப் பேசி ஒப்புக்கொள்ளலாம், ஆனால் கூட்டுப் படைப்பு என்று அழைக்க வேண்டாம். நீங்களும் அவருடைய சொல்லுக்காக ஓர் ஓவியத்தைக் கைவிடத் தயாரா என்பதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

1988இல் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகிய மூன்று கலைஞர்களும் சிங்கப்பூரில் ‘திரிமூர்த்தி’ என்ற கண்காட்சியைப் படைத்தார்கள். இந்திய, சீன, மலாய்ப் பின்னணியினரான அவர்கள், தத்தம் மரபைக் கரைத்துவிடாமல் ஒரே கூரையின்கீழ் நிறுத்தினார்கள் என்பதே எனக்கு அதில் முக்கியம். பத்தாண்டுகளுக்குப் பிறகு மீண்டும் இணைந்து காட்சி வைத்தார்கள்; இடைப்பட்ட காலத்தில் அவரவர் பாதையில் சென்றதால் உறவு குறைந்துவிடவில்லை.

நட்பைக் காப்பாற்றுவது பெரும்பாலும் எழுத்துதான். வழக்கறிஞர் தேவையில்லை, இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். எந்த முடிவில் யார் சொல் இறுதியானது, ஓவியங்கள் விற்றால் பணம் யாருக்கு, நிகழ்ச்சி வேறிடத்தில் நடந்தால் உங்கள் அனுமதி வேண்டுமா, விளம்பரத்தாளில் பெயர்கள் எப்படி வரும் என்பவற்றை அதில் குறியுங்கள். தேசியக் கலைகள் மன்றத்தின் மானியம் கேட்பதாக இருந்தால், விண்ணப்பிப்பவர் தலையிலேயே கணக்கும் அறிக்கையும் விழும் என்பதால், கணக்கரான நீங்கள் அதைத் தானாக ஏற்றுக்கொண்டுவிடாதீர்கள்!

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள காப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் பொதுவாகப் படைப்பாளியின் பெயரைக் குறிப்பிட வேண்டும். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படங்களின் காப்புரிமைகூட, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுத்தவருக்கே உரியது. எனவே நிகழ்ச்சிப் படங்களை இருவரும் பயன்படுத்தும் உரிமையை நிழற்படக் கலைஞரிடம் முன்பே பேசி வாங்குங்கள்.

முதல் முயற்சி பத்து நிமிடப் படைப்பாக இருக்கட்டும். அது மேடையேறிய அன்றிரவே அடுத்ததைப் பற்றிப் பேசாமல், சில வாரங்கள் கழித்துச் சந்தித்து, எது கசந்தது என்பதை முதலில் அவரைச் சொல்லவிட்டு, பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள்.