கேள்வி – பதில்: ஸ்னோ புளோவரும் காலை ஏழு மணியும்

குளிர்காலம் நெருங்குவதால், கனடாவின் ரொறன்ரோப் பகுதியிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் மூன்று, வீடுகளுக்குப் பனி அகற்றும் தொழிலைப் பற்றியவையாக இருந்தன. அந்தத் தொழிலில் எனக்கும் சில குளிர்காலங்களின் அனுபவம் உண்டு என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து இவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கிறேன். தொழிற்சாலையில் பிற்பகல் ஷிப்ட் என்பதால் காலை நேரம் முழுவதும் எனக்கு ஓய்வு. பனியை வாரி வீசும் ஸ்னோ புளோவர் மெஷின் ஒன்று வாங்கி, வீடுகளுக்குப் பனி அகற்றும் வேலையை இந்த நவம்பரில் தொடங்க எண்ணுகிறேன். உறவினர், கோயிலில் பழகியவர்கள் என்று முப்பது வீட்டார் இப்போதே சம்மதித்துவிட்டார்கள். அவர்கள் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று பரந்திருக்கிறார்கள். ஒரு மெஷினோடு இது கட்டுப்படியாகுமா? – ஸ்காபரோ வாசகர் ஒருவர்

பதில்: முப்பது பேர் கேட்டவுடன் சம்மதித்தது உங்கள் மேல் அவர்களுக்குள்ள நம்பிக்கையைக் காட்டுகிறது. ஆனால் அந்த முப்பதில் இருபதையாவது நீங்கள் மரியாதையோடு மறுக்க வேண்டியிருக்கும். புல் வெட்டும் வேலையில் ஒரு வீட்டைத் திங்களிலும் இன்னொரு வீட்டை வியாழனிலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் பிந்தினாலும் யாரும் கோபிப்பதில்லை. பனியோ எல்லார் வாசலிலும் ஒரே இரவில் விழுகிறது, எல்லாரும் காலை ஏழு மணிக்கு முன் காரை வெளியே எடுக்க வேண்டியவர்கள். ஆகவே இந்தத் தொழிலில் நீங்கள் விற்பது பனி அகற்றும் திறனை அல்ல, விடிவதற்கு முந்திய மூன்று மணித்தியாலங்களைத்தான்.

இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே ஒன்று 6 மீற்றர் அகலமும் 12 மீற்றர் நீளமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் அது ஏழு கனமீற்றருக்குச் சற்று மேல். புதிதாக விழுந்த பொருபொருத்த பனி ஒரு கனமீற்றர் ஏறக்குறைய 100 கிலோ என்றால், அந்த ஒரு வாசலில் மட்டும் 700 கிலோ கிடக்கிறது. மார்ச் மாதத்து ஈரப்பனியானால் அதுவே இரண்டு தொன்னையும் தாண்டும். திருகு பனியை வார, விசிறி அதை வீசும் 24 அங்குல அகலமுள்ள இரண்டு கட்ட மெஷினால் இதை ஒதுக்கி, படிகளையும் கதவடிப் பாதையையும் சவலால் துப்புரவாக்க இருபது நிமிடம் பிடிக்கும். மூன்றரைக்குத் தொடங்கினால் ஏழு மணிக்குள் பத்து வீடு முடிக்கலாம்; அதுவும் அந்தப் பத்து வீடும் ஒரே வீதியிலோ அடுத்தடுத்த இரு வீதிகளிலோ இருந்து, நீங்கள் மெஷினை நடத்திக்கொண்டே போகக்கூடியதாக இருந்தால்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் பலகை சாய்த்து மெஷினை வண்டியில் ஏற்றி, கட்டி, பனியில் ஊர்ந்துபோய், மறுபடி இறக்கினால் ஐந்து வீட்டோடு விடிந்துவிடும். ஏஜாக்ஸில் இருக்கும் மச்சானுக்கு வேறு யாரையாவது பார்த்துக் கொடுங்கள். உங்கள் சொந்த வீதியில் பெயர் தெரியாத அயலவர்களின் கதவைத் தட்டுங்கள். உறவை விட அயல் உதவுகிற தொழில் இது.

இன்னொன்று, மாநகரசபையின் பனி வாரும் வண்டி வீதியைத் துப்புரவாக்கிக்கொண்டு போகும்போது டிரைவ்வேயின் வாயில் பனியால் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். ஸ்காபரோவில் மாநகரசபையே பின்னால் இன்னொரு வண்டி அனுப்பி அதைத் திறந்துவிடுவதுண்டு. ஆனால் அது உங்கள் வாடிக்கையாளர் வேலைக்குப் போகும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. என் முதற் குளிர்காலத்தில், மருத்துவமனையில் தாதியாக வேலை செய்யும் ஒருவரின் வாசலை ஐந்து மணிக்கே கண்ணாடிபோல் துடைத்துவிட்டு வந்தேன். ஆறரைக்குத் தொலைபேசி அடித்தது. முழங்கால் உயரத்தில், உப்பும் சேறும் கலந்து இறுகிய வரம்பு ஒன்றின் பின்னால் அவருடைய கார் நின்றது. அன்று அவர் வேலைக்குப் பிந்திப் போனார். நானும் ஐந்து மணிக்குச் செய்த வேலைக்குக் காசு கேட்கக் கூசினேன். வரம்பு அகற்ற மறுபடி வருவதும் விலைக்குள் அடக்கமா, தனிக் கணக்கா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

அகற்றும் பனியை எங்கே வீசுவது என்பதையும் நவம்பரிலேயே, புல்தரை கண்ணுக்குத் தெரியும்போதே, ஒவ்வொரு வீட்டிலும் நின்று தீர்மானியுங்கள். வீதியில் தள்ளக் கூடாது. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டமே அதைத் தடுக்கிறது. நிலம் உறையுமுன் ஓரங்களில் குச்சிகளை நட்டு வைத்தால், பூம்பாத்தியின் கல்வரிசையை மெஷின் கடிக்காது.

கேள்வி: சென்ற ஆண்டு என் மகன் வருகை ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கினான், இந்த ஆண்டு குளிர்காலம் முழுவதற்கும் ஒரே தொகை வாங்கலாம் என்கிறான். எது நல்லது? பதிவு, வரி, காப்புறுதி எல்லாம் இந்தச் சின்ன வேலைக்கும் வேண்டுமா? – மார்க்கம் வாசகி ஒருவர்

பதில்: 2023–24 குளிர்காலம் கனடாவில் பதிவான குளிர்காலங்களிலேயே மிகவும் வெப்பமானது. வருகைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தவர்களின் மெஷின்கள் அந்த ஆண்டு கராஜில் தூங்கின. 2025 பெப்ரவரியில் ஒன்றன்பின் ஒன்றாகப் புயல் வந்து ரொறன்ரோவை மூடியபோது, முழுக்காலத்துக்கும் ஒரே தொகை வாங்கியவர்களுக்கு இரவு பகலாக உழைத்தும் மேலதிகமாக ஒரு சதமும் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: குளிர்காலத் தொகைக்குள் இத்தனை வருகை அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று எழுதிக்கொள்வது. உதாரணமாக, பதினைந்து வருகைக்கு 450 டொலர், பதினாறாவதிலிருந்து வருகைக்கு 30 டொலர். பாதியை நவம்பரிலும் மீதியை ஜனவரி தொடக்கத்திலும் வாங்கிவிடட்டும். ஏப்ரலில் வெயில் வந்தபின் பனிக்குக் காசு கேட்டுப் போகிறவனை யாரும் விரும்பி வரவேற்பதில்லை.

ஒப்பந்தம் ஒரு பக்கத்தில் அடங்கினால் போதும். எத்தனை சென்ரிமீற்றர் விழுந்தால் வருவான் (ஐந்து என்பது வழக்கம்), எத்தனை மணிக்குள் முடிப்பான், பனிக்கட்டி உருக உப்புத் தூவுவது அடக்கமா, கார் நிற்கும் இடத்தைச் சுற்றி என்ன செய்வான் என்பவை அதில் இருக்க வேண்டும். பெரும்புயலுக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோ நகர மையத்தில் அரை மீற்றருக்கு மேல் கொட்டியபோது, ‘ஏழு மணிக்குள்’ என்று எழுதிக் கொடுத்திருந்தவர்கள் பலரால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. வீட்டுவாசலில் வைத்து எழுதப்படும் 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை வாடிக்கையாளர் பத்து நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம் என்பதும் மகனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் வணிகப் பெயர்ப் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் மாகாண அரசிடம் இணையவழியாகப் பதிய 60 டொலர், ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் மொத்த வரவு 30,000 டொலரைத் தாண்டாதவரை எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரிக்குப் பதியத் தேவையில்லை. ஆனால் வருமான வரிப் படிவத்தில் வரவைக் காட்டத்தான் வேண்டும். பெற்றோல், உப்பு, பழுதுபார்ப்புப் பற்றுச்சீட்டுகளை ஒரு உறையில் சேர்த்து வையுங்கள்.

காப்புறுதியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வீட்டுக் காப்புறுதியோ சொந்தக் கார்க் காப்புறுதியோ இந்தத் தொழிலுக்கு உதவும் என்று எண்ணி இருக்காதீர்கள். வணிகப் பொறுப்புக் காப்புறுதியைத் தனியாக எடுக்க வேண்டும். பனி அகற்றுவோருக்கு அதைத் தரக் காப்புறுதி நிறுவனங்கள் தயங்குகின்றன, விலையும் கூட. அதனால் நவம்பர் வரை காத்திராமல் இப்போதே தரகரிடம் பேசுங்கள். துப்புரவாக்கிய வாசலில் உருகிய நீர் மாலையில் கண்ணுக்கு எளிதில் தெரியாத கறுப்புப் பனிக்கட்டியாகி, தபால்காரர் ஒருவர் சறுக்கி விழுந்தால், வீட்டுக்காரரோடு உங்கள் மகனும் வழக்கில் இழுபடலாம். 2021 ஜனவரி 29 முதல் நடைமுறையில் உள்ள ஒன்ராறியோச் சட்டத் திருத்தத்தின்படி, பனியில் விழுந்து காயப்பட்டவர் 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும்; அந்த அறிவித்தல் பனி அகற்றும் ஒப்பந்தக்காரருக்கும் வரலாம். இரண்டு மாதத்துக்கு முந்திய ஒரு விடியற்காலையில் என்ன செய்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்தவுடன் கைபேசியில் ஒரு படம் எடுத்து, நேரத்தையும் உப்புப் போட்டதையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வழக்கமான கல்லுப்பு மறை பத்துப் பாகைக்குக் கீழே சோர்ந்துவிடும் என்பதால், அத்தகைய நாள்களுக்குக் கல்சியம் குளோரைட் ஒரு வாளி இருக்கட்டும்.

கேள்வி: பாவித்த ஸ்னோ புளோவர் ஒன்று வாங்கினேன். ஈரப்பனியில் வீசும் குழாய் அடைத்துக்கொள்கிறது. சுழலும் திருகிலுள்ள பின் இரண்டு முறை உடைந்துவிட்டது. பின்னுக்குப் பதிலாக நல்ல இரும்பு போல்ட் ஒன்றைப் பூட்டினால் உடையாது என்கிறார் நண்பர். சரியா? – பிராம்ரன் வாசகர் ஒருவர்

பதில்: உடைவதுதான் அந்தப் பின்னின் வேலை. ஷியர் பின் என்ற அந்தச் சிறு துண்டை வேண்டுமென்றே மென்மையாகச் செய்கிறார்கள். உறைந்துபோன விளம்பரப் பத்திரிகைக் கட்டோ, கால்மிதியோ, கிறிஸ்மஸ் விளக்கின் வயரோ திருகில் சிக்கும்போது, பின் உடைந்து பற்சக்கரப் பெட்டியைக் காப்பாற்றுகிறது. போல்ட் பூட்டினால் போல்ட் உடையாது, பெட்டி உடையும். ஒரு சில டொலரில் முடிகிற காரியம் சில நூறு டொலருக்குப் போகும். உங்கள் மெஷினின் மாதிரி இலக்கத்துக்குரிய பின்களை அரை டசின் வாங்கி, கைப்பிடியில் ரேப்பால் ஒட்டிவையுங்கள்.

குழாய் அடைப்பதற்குப் பெரும்பாலும் காரணம், பனி கனமானதும் நாம் என்ஜினின் வேகத்தைக் குறைப்பதுதான். என்ஜின் முழு வேகத்தில் ஓடட்டும், மெஷின் மெதுவாக நகரட்டும், முழு அகலத்துக்குப் பதில் பாதி அகலமாக வெட்டுங்கள். தொடங்குமுன் குழாயின் உட்புறம் சிலிக்கன் ஸ்பிரே அடித்தால் பனி ஒட்டாது. அவசரத்துக்குச் சமையலறை எண்ணெய் ஸ்பிரேயும் உதவும்.

அடைத்துவிட்டால் கையை மட்டும் உள்ளே விடாதீர்கள், கையுறை போட்டிருந்தாலும். என்ஜினை நிறுத்தியபின்னும் இறுகிய பனியால் பெல்ட்டில் ஒரு முறுக்கம் தங்கியிருக்கும். அடைப்பு விலகிய கணத்தில் உள்ளேயுள்ள விசிறி பாதிச் சுற்று சுற்றிவிடும், விரல் போவதற்கு அந்தப் பாதிச் சுற்றே போதும். நிறுத்தி, சாவியைக் கழற்றி, எல்லாம் அடங்கும்வரை பொறுத்து, மெஷினோடு வரும் பிளாஸ்ரிக் கரண்டியால் கிளறுங்கள். பாவித்த மெஷின்களில் அந்தக் கரண்டி பெரும்பாலும் தொலைந்திருக்கும். அப்படியானால் பழைய தும்புத்தடியின் பிடியை வெட்டி, இன்றைக்கே மெஷினில் கட்டிவையுங்கள்.