மடிக்கணினியில் வைஃபை அடிக்கடி அறுகிறதா? கைப்பேசி டேட்டாவை அணைத்துப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூர் செங்காங்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கடைசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். மணிக்கு இரண்டு மூன்று முறை மடிக்கணினியில் வைஃபை போய்விடுகிறது. அணைத்துப் போட்டால் வருகிறது. அதே மேசையில் கைப்பேசி நன்றாக ஓடுகிறது. ரௌட்டர் வீட்டிலுள்ள பாம் ஷெல்டருக்குள் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) இருக்கிறது. மடிக்கணினி விண்டோஸ் 11. புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கைப்பேசி ஒழுங்காக ஓடுகிறது, ஆகவே பழுது மடிக்கணினியில்தான் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். அந்தச் சாட்சியை நான் நம்ப மாட்டேன். வைஃபை தள்ளாடினால் கைப்பேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வாட்ஸ்அப் ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. மடிக்கணினிக்குத் தாவ வேறு இடமில்லை, அறுந்தால் அறுந்ததுதான். ஒரு நாள் முழுக்க டேட்டாவை அணைத்து வைத்துவிட்டுப் பாருங்கள். மடிக்கணினியில் போகும்போது கைப்பேசியிலும் போகிறதா?

கூடவே இன்னொரு சோதனை. ஸ்டார்ட் தேடலில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் பிங் (ping) என்று தட்டி, இடைவெளி விட்டு ரௌட்டரின் எண்ணைப் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும், ரௌட்டரின் அடியில் ஒட்டியிருப்பார்கள். மறுபடி இடைவெளி, ஒரு சிறு கோடு, ஒட்டினாற்போல் டி (t) எழுத்து, அப்புறம் என்டர். இன்னொரு கறுப்புத் திரை திறந்து இதையே வெளி இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணுக்குச் செய்யுங்கள். இரண்டும் வரிவரியாக ஓடும். ஓரமாக விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

அறும்போது இரண்டிலும் பதில் வருவது நின்றால் மடிக்கணினிக்கும் ரௌட்டருக்கும் நடுவில்தான் கோளாறு. 8.8.8.8 மட்டும் நின்றால் வைஃபைமேல் பழியில்லை. இணையச் சேவை நிறுவனத்தை அழைத்து இதைச் சொல்லுங்கள். "ரௌட்டரை அணைத்துப் போட்டீர்களா" என்ற பல்லவி கொஞ்சம் குறையும்.

இரண்டும் நின்று, கைப்பேசியும் கூடவே போனால், என் சந்தேகம் பாம் ஷெல்டர்மேல்தான். 1998 முதல் புது வீடுகளில் இது இருந்தாக வேண்டும் என்பது சட்டம். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டைத் தடுக்கக் கட்டிய அறை வைஃபையை மட்டும் விட்டுவிடுமா? ஒயர் தெரியக் கூடாதென்று நானே ஒரு வருடம் ரௌட்டரை அங்கே காலணிகளுக்கு மேல் வைத்திருந்தவன், அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ரௌட்டர் 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைகளில் பேசும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோப்ளாங்கி. 2.4 ஓரளவு தாண்டும், ஆனால் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்துவீடு என்று எல்லா ரௌட்டரும் அதில்தான் கூச்சல் போடும். ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றுதான். இரண்டு அலைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் மடிக்கணினி அங்கும் இங்கும் தாவும். தாவும்போதெல்லாம் காணொளிக் கூட்டத்தில் உங்கள் முகம் உறைந்து நிற்கும். அணைத்துப் போட்டதும் சரியாவதும் பொருந்துகிறது, அது புதிதாக ஓர் அலையைத் தேர்ந்தெடுத்து இணைகிறது.

ஆகவே ரௌட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து உயரமான இடத்தில் வையுங்கள். சிம் லிம் ஸ்கொயரில் நீளமான ஈதர்நெட் ஒயர் கிடைக்கும், கதவு வழியாக இழுத்துவிடலாம். ஷெல்டர் சுவரை மட்டும் உடைக்காதீர்கள், குடிமைத் தற்காப்புப் படை அனுமதிக்காது. ரௌட்டர் அமைப்பில் இரண்டு அலைக்கும் வேறு வேறு பெயர் வைத்து, மடிக்கணினியை ஒன்றில் மட்டும் நிறுத்துங்கள்.

சரி, டேட்டா இல்லாமலும் கைப்பேசி அசையாமல் ஓடுகிறது, மடிக்கணினி மட்டும் அறுகிறது என்றால்? டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழே வைஃபை கார்டை இரட்டைக் கிளிக் செய்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது மடிக்கணினிகளில் அந்தப் பக்கமே இருக்காது, பரவாயில்லை. வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து, உங்கள் மாடல் எண் பார்த்து இறக்குங்கள். டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரத்தில் வருவதைத் தொடாதீர்கள். அலுவலக மடிக்கணினி என்றால் இதெல்லாம் பூட்டியிருக்கும், ஐடி பிரிவிடம் கொடுத்துவிடுங்கள்.

மேசையில் யுஎஸ்பி 3 ஹப் (ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி) இருக்கிறதா? பலரும் இதைச் சந்தேகிப்பதே இல்லை. அதுவும் அதன் ஒயரும் கசியவிடும் இரைச்சல் 2.4 அலையில் நேராக விழும். கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

எதுவும் சரிப்படாவிட்டால் கார்டே பழுதாக இருக்கலாம். அப்போதும் ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் போதும். முதலில் எந்தக் கறுப்புத் திரை நின்றது, அப்போது கைப்பேசி என்ன செய்தது என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.