டிரில்லை கீழ வைங்க மொதல்ல

கேள்வி: என் ஆஃப்ரோடு பைக்ல கம்பெனி சீட் கல்லு மாதிரி இருக்குன்னு வேற கம்பெனி சீட் ஒண்ணு வாங்கினேங்க. முன்பக்கம் டேங்க் மேல ஏறி உக்காந்துருச்சு, ஆனா பின்னாடி ரெண்டு போல்ட் ஓட்டையும் அரை இஞ்ச் தள்ளி நிக்குது. டிரில் போட்டு ஓட்டையை பெருசாக்கிடலாமா?

பதில்: வேணாம். "ஏறி உக்காந்துருச்சு"ன்னு எழுதியிருக்கீங்கள்ல, கோளாறே அங்கதான். ஏறி உக்காரக் கூடாது, உள்ள போய் மாட்டணும். சீட்டை கவுத்துப் போட்டு பாருங்க, டேங்க்ல ஒரு குமிழ் நிக்கும்ல அது நுழையுறதுக்கு சீட்டோட முன்பக்கம் ஒரு காடி (பள்ளம்) இருக்கும், நிறைய மாடல்ல நடுவுல ஒரு நாக்கும் இருக்கும், அது ஃபிரேம்ல இருக்கற பட்டைக்கு அடியில போகணும். சீட் மேல தூக்காம புடிச்சு வெக்கறது இதுங்கதான், பின்னாடி போல்ட் சீட் பின்னால நழுவாம பாத்துக்குது, அவ்ளோதான்.

நானும் இதே தப்பை பண்ணவன்தான். ஓட்டையை அறுத்து நீளமாக்கி போல்ட்டையும் போட்டுட்டு பெருமையா கிளம்பினேன், ஒரு இறக்கத்துல உடம்பு முன்னாடி சரிஞ்சப்போ சீட்டோட மூக்கு அப்படியே மேல தூக்கிக்கிச்சு. வந்து கழட்டிப் பாத்தா கவர் துணியை மடிச்சு பின் அடிச்ச இடம் தடிப்பா அந்தக் காடி வாயிலயே நிக்குது, குமிழ் எப்படி உள்ள போகும். பிளேடால அந்த மடிப்பை கொஞ்சம் சீவினேன், போயிடுச்சு. அதுக்குள்ள ஓட்டை போட்ட சீட்டை யாரு திருப்பி வாங்குவா?

அதனால பழைய சீட்டையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல கவுத்து வெச்சு நாக்கு, காடி, ஓட்டை எல்லாம் ஒரே இடத்துல இருக்கான்னு அளந்து பாருங்க. சில சீட்டுக்கு பழசுல இருக்கற இரும்பு பிராக்கெட், போல்ட் ஓட்டைக்குள்ள இருக்கற புஷ் (சின்ன இரும்புக் குழாய்), அடியில இருக்கற ரப்பர் கட்டை எல்லாத்தையும் கழட்டி புதுசுல மாத்தணும், பெட்டிக்குள்ள வராது. நாக்கே வேற இடத்துல இருந்தா மட்டும் திருப்பி அனுப்புங்க, பைக் பேரு ஒண்ணா இருந்தாலும் வருஷம் மாறினா ஃபிரேமும் டேங்க்கும் மாறியிருக்கலாம். பெரிய டேங்க் மாத்தியிருந்தீங்கன்னா பழைய டேங்க்ல இருந்த குமிழை இதுக்கு மாத்துனீங்களான்னும் பாத்துக்கங்க.

எல்லாம் சரியா இருந்தா, சீட்டை ரெண்டு இஞ்ச் பின்னாடி வெச்சு, நடுவுல முழங்காலால அழுத்திக்கிட்டே பின்பக்கம் உள்ளங்கையால முன்னாடி பாத்து ஒரு தட்டு தட்டுங்க. புது ஃபோம் விறைப்பா இருக்கும், கூச்சப்படாம தட்டலாம். வயர் எதுவும் அடியில நசுங்கலையேன்னு ஒரு தடவ எட்டிப் பாருங்க. போல்ட் போடறதுக்கு முன்னாடியே மூக்கைப் புடிச்சு மேல இழுங்க, தூக்குச்சுன்னா மாட்டலைன்னு அர்த்தம், மறுபடி மொதல்ல இருந்து.

ரெண்டு போல்ட்டையும் கையால நாலு சுத்து ஏத்தினதுக்கப்புறம்தான் ஸ்பேனர். போல்ட் அளவும் எவ்ளோ இறுக்கணும்ங்கறதும் மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. புஷ் இல்லாம இறுக்குனா பிளாஸ்டிக் பொளந்துக்கும்.

கேள்வி: புது சீட்டு மேல இருக்கற சொரசொரப்பான கிரிப் கவர் பேன்ட்டை தேய்ச்சே கிழிச்சிடும் போலிருக்கே?

பதில்: ஆமா, தேய்க்கும். ஆக்ஸிலேட்டர் முறுக்கறப்போ நீங்க பின்னாடி வழுக்கிப் போகாம இருக்கத்தான் அந்த சொரசொரப்பே. கொஞ்ச நாள்ல அதுவும் மழுங்கிடும், அதுவரைக்கும் பழைய பேன்ட்டா பாத்து போட்டுக்கங்க.