டிரஸ்டி மீது வழக்குப் போட எத்தனை வருஷம்? கேள்வி பதில்

நிறையப் பேர் 'எத்தனை வருஷம்?' என்றுதான் தொடங்குகிறீர்கள். நான் முதலில் கேட்பது வேறு: சொத்து இப்போது யார் கையில் இருக்கிறது? பதில்கள் எல்லாம் இந்தியாவின் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி.

கேள்வி: பேரப்பிள்ளைகள் படிப்புக்கென்று தாத்தா டிரஸ்ட் எழுதிவைத்தார். டிரஸ்டியான பெரியப்பா 20 வருஷமாகக் கடை வாடகை வாங்குகிறார், கணக்கே காட்டவில்லை. காலம் கடந்துவிட்டதா?

இல்லை. குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சொத்து ஒப்படைக்கப்பட்டவரிடம் அந்தச் சொத்தையோ அதை விற்று வந்த பணத்தையோ மீட்கவும், கணக்குக் கேட்கவும் காலக்கெடு கிடையாது, 10ஆம் பிரிவு. அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் மீது போடலாம். அவரிடமிருந்து இனாமாக எழுதி வாங்கியவர் மீதும் போடலாம். ஆனால் அசையாச் சொத்து என்றால் பதிவான டிரஸ்ட் பத்திரமோ உயிலோ இருக்க வேண்டும். 'பெரியவன் பார்த்துப்பான்னு தாத்தா சொன்னார்' என்பதை வைத்து எதுவும் நடக்காது. அப்புறம், அவருடைய அஜாக்கிரதையால் வந்த நஷ்டத்துக்கு இழப்பீடு மட்டும் கேட்பதாக இருந்தால் 10ஆம் பிரிவை நம்பி உட்காராதீர்கள். 3 வருஷம்தான் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: எங்கள் டிரஸ்டி இடத்தை வெளியாளுக்குக் கிரயம் செய்துவிட்டார். இப்போது?

இங்கே கடிகாரம் ஓடும். இதே சட்டத்தின் அட்டவணையில் உள்ள ஆர்ட்டிகிள் 92 தருவது 12 வருஷம். நகை, ஷேர் போன்ற அசையும் சொத்துக்கு ஆர்ட்டிகிள் 93-ன்படி வெறும் 3. இரண்டுமே கிரயத் தேதியிலிருந்து அல்ல, விற்றது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து. சண்டையே அந்த நாளைப் பற்றித்தான் வரும். 'வாங்கியவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீங்களே போயிருக்கிறீர்களே?' என்று குறுக்கு விசாரணையில் ஒரு போட்டோவை நீட்டுவார்கள். வில்லங்கச் சான்று எடுத்துத்தான் தெரிந்துகொண்டீர்கள் என்றால் அந்தச் சான்றைப் பத்திரமாக வையுங்கள். இன்னொன்று: டிரஸ்ட் சொத்து என்று தெரியாமல் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரிடமிருந்து இடத்தை மீட்க முடியாது. அப்போது டிரஸ்டி வாங்கிய பணத்தைத்தான் துரத்த வேண்டும்.

கேள்வி: விற்றபோது நான் மைனர். மேஜரானபின் 12 வருஷம் உண்டா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 8ஆம் பிரிவு அந்தச் சலுகையை 18 முடிந்தபின் 3 வருஷத்தோடு நிறுத்திவிடுகிறது. உங்கள் 4 வயதில் 12 வருஷக் கணக்கு தொடங்கியிருந்தால் 21 வரை நேரம். 10 வயதில் தொடங்கியிருந்தால் சாதாரணக் கணக்கிலேயே 22 வரை இருக்கிறது.

கேள்வி: என் பணத்தில் அண்ணன் பேரில் நிலம் வாங்கினோம். அவரும் டிரஸ்டிதானே?

இந்தச் சட்டத்தில் பினாமிதாரர் டிரஸ்டி ஆக மாட்டார். 10ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பினாமிச் சட்டச் சிக்கல் தனி, உடனே வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: சொந்தத்துக்குள் பேசிக்கொண்டே இருந்ததில் கெடு தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாமா?

முடியாது. தாமதத்தை மன்னிக்கும் 5ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான், அசல் வழக்குக்குக் கிடையாது. எதிராளி வாயே திறக்காவிட்டாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்யும். கெடு முடிவதற்குள் அவர் உங்கள் உரிமையை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். விவரத்தை மோசடியாக மறைத்திருந்தால், அது வெளிப்பட்ட நாளிலிருந்து, அல்லது நீங்கள் கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து கணக்கு. பழைய கடிதங்களைத் தேடிப் பாருங்கள்.