பழைய ரெக்கோட் பிளேயர்: முதலில் எதை மாற்றுவது?

மாங்குளம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பெரியப்பா விட்டுச்சென்ற காரார்ட் பிளேயர் இன்னும் ஓடுகிறது. ஆனால் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல், குரலும் இழுபடுகிறது. எல்பியும் பழைய 78 தட்டுகளும் இருக்கின்றன. ஊசி பொருத்தும் தலைத்துண்டான காட்றிஜை விலைகூடியதாகப் போட்டால் சரிவருமா?"

இப்போதைக்கு வாங்க வேண்டாம். உறுமலும் இழுவையும் அடியிலிருந்து வருபவை. நல்ல காட்றிஜ் போட்டால் அந்த உறுமல் இன்னும் துலக்கமாகக் கேட்கும்.

தட்டு வைக்கும் பாரமான வட்டைத் தூக்கிப் பாருங்கள். மோட்டருக்கும் வட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் சில்லு இருக்கும். பல வருடம் ஓடாமல் கிடந்தால் அது இறுகும். அழுந்திய இடம் தட்டையாகும். ஸ்பிரிற்றால் துடைத்து, மெல்லிய அரத்தாளால் இலேசாகத் தேயுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சில்லுத்தான் வழி. நடு அச்சிலுள்ள பழைய பிசினைத் துடைத்துவிட்டுத் தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி விடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, அது பிசினாகிவிடும்.

வேகம் பார்க்க, 180 கோடுகள் போட்ட வட்டத்தாளை எல்பியின் வேகமான நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் சுழலவிட்டு, பழைய இழை பல்பின் வெளிச்சத்தில் பாருங்கள். நம் 50 ஹேர்ட்ஸ் கரண்டில் கோடுகள் நகராமல் நின்றால் வேகம் சரி. கனடாவிலிருந்து பிளேயர் அனுப்பச் சொல்ல நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே 60 ஹேர்ட்ஸ். ஏசி மோட்டர் உள்ள பழைய பிளேயர் என்றால், ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்குமே தவிர வேகத்தைத் திருத்தாது; 33⅓ தட்டு ஏறக்குறைய 28இல் ஓடும்.

இவ்வளவும் முடிந்தபின் காட்றிஜுக்கு வாருங்கள். அந்தக் காலத்து செரமிக் காட்றிஜ் பெரும்பாலும் நாலைந்து கிராம் பாரத்தில் தட்டை அழுத்தும். தேய்ந்த ஊசியோடு அப்படி ஓடவிட்டால் தட்டே பழுதாகும். எனக்கு அதுதான் பெரிய கவலை. காந்த வகைக்கு மாறுவது நல்லது. ஆனால் ஒன்றரைக் கிராமில் ஓடும் நுட்பமானது, காட்றிஜைத் தாங்கும் பழைய பிளேயர்க் கைக்குப் பொருந்தாது. ஓடியோ டெக்னிக்கா ஏடி 3600எல் போல மூன்று கிராமளவில் ஓடும் உருண்டைமுனை ஊசி போதும். கை அந்தப் பாரத்துக்கு இறங்குகிறதா என்று சின்னத் தராசில் நிறுத்துப் பாருங்கள். காந்தக் காட்றிஜ் தருவது சில மில்லிவோல்ற்தான். அம்பிளிபயரில் ரெக்கோட் பிளேயருக்கான 'போனோ' துளை இல்லையென்றால், அந்தச் சின்ன வோல்ற்றைப் பெருக்கும் போனோ பிறீஅம்ப் ஒன்று தனியாக வேண்டும். இல்லாவிட்டால் அடிக்குரலே இல்லாமல் மெலிந்து கேட்கும். இரைச்சல் வந்தால் பிளேயரின் ஏர்த் வயரை அம்பிளிபயர் உடலோடு இணையுங்கள்.

78 தட்டின் பள்ளம் அகலமானது. எல்பி ஊசி அதன் அடியில் உரசி இரையும், ஆகவே அதற்குத் தனி ஊசி வேண்டும்.

தட்டு இரைவதற்கு நம் செம்மண் புழுதியும் ஒரு காரணம். எல்பியைக் கழுவக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், சுண்ணாம்பு படியும். பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, நடுத்தாள் நனையாமல் துடையுங்கள். 78இல் மட்டும் ஸ்பிரிற் படக்கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும்.