கிணற்றுச் சாவு, சொப்பிங் பை, மன்னார் எலும்பு: தடயவியல் கேள்வி பதில்

நடக்கிற வழக்கின் விபரம் எழுதாதேங்கோ. அதற்குச் சட்டத்தரணி இருக்கிறார்.

சுன்னாகம் வாசகர்: இரத்தம் பட்ட உடுப்பைப் பொலிஸ் வரும்வரை சொப்பிங் பையில் போட்டு வைக்கலாமோ?

கூடாது. கிடந்த இடத்திலேயே விடுங்கோ. மழை வருகிறது, எடுத்தே ஆகவேண்டும் என்றால் கையுறை போட்டு எடுத்து, நிழலில் காயவிட்டு, சுத்தமான கடதாசியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றவேண்டும். மடிப்புக்கு இடையிலும் கடதாசி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கக் கறை பின்பக்கத்தில் ஒட்டி, இரத்தம் எந்தத் திசையிலிருந்து தெறித்தது என்ற சேதியே அழிந்துபோகும். பிளாஸ்டிக்கில் ஈரம் வெளியேறாது. எங்கள் வெக்கைக்குப் பூஞ்சணம் பிடித்து டி.என்.ஏ சிதைந்துவிடும்.

யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, யாரிடம் கொடுத்தது என்பதை அப்போதே எழுதிவையுங்கோ. காலை 9 மணிக்கு எடுத்த சட்டைக்குப் பின்னேரம் 3 மணிக்குத்தான் முத்திரை விழுந்தது என்றால், குறுக்கு விசாரணை அந்த ஆறு மணித்தியாலத்தில்தான் தொடங்கும். ஆய்வுகூட அறிக்கை எவ்வளவு திறமாக இருந்தாலும் அந்த ஓட்டையை அடைக்காது.

கோப்பாய் வாசகி: கிணற்றில் எடுத்த உடல், தானே விழுந்ததா, ஆராவது தள்ளினதா எண்டு பிரேத பரிசோதனையில் தெரியுமோ ஐயா?

உயிரோடு தண்ணீருக்குள் போனாரா, செத்தபிறகு போட்டார்களா என்பது பல சமயம் தெரியும். மூக்கிலும் வாயிலும் நுரை, ஊதிப்போன நுரையீரல், இவையெல்லாம் முதல் வகைக்கு அடையாளம். தள்ளினார்களா, வழுக்கினாரா என்பதை உடல் மட்டும் சொல்லாது. அது கிணற்றுக்கட்டில் இருக்கிறது: பாசியில் இழுபட்ட தடம், வாளிக் கயிறு கிடந்த நிலை, நகத்துக்குள் இருக்கும் சுண்ணாம்புக்கல் துகள். உடலைத் தூக்க ஓடிவரும் சனம் முதலில் மிதிப்பதும் அந்தக் கட்டைத்தான்.

டயட்டம் என்ற நுண்பாசிச் சோதனையும் உண்டு. தண்ணீரை மூச்சோடு இழுத்தவரின் இரத்த ஓட்டத்தில் அது போய் எலும்பு மச்சையில் தங்கும். மச்சையை அமிலத்தில் கரைத்துத் தேடுவார்கள். ஒப்பிடுவதற்கு அதே கிணற்றுத் தண்ணீர் வேண்டும். உடலை எடுத்த கையோடு கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டுவிட்டால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. வெயில் படாத தெளிந்த கிணற்றில் டயட்டம் குறைவு. ஆகவே கிடைக்கவில்லை என்பதற்காக மூழ்கவில்லை என்று எழுதமுடியாது.

மானிப்பாய்: லூமினோல் அடித்தால் நீலமாக ஒளிர்வது இரத்தம்தானே?

லூமினோல் இரத்தக் கறை தேடத் தெளிக்கும் இரசாயனம். அதில் செம்பும் துருவும் பிளீச்சும் கூட ஒளிரும். எங்கே தேடலாம் என்று காட்டும், அவ்வளவுதான்.

பருத்தித்துறை: கத்தியைப் பொலித்தீனில் சுற்றலாமோ?

முதல் பதில். கத்தியென்றால் மட்டைப்பெட்டி, அசையாமல் கட்டி.

நல்லூர்: டி.என்.ஏ பொருந்தினால் வழக்கு முடிந்ததுதானே?

யாருடையது என்று சொல்லும். எப்போது, எப்படி வந்தது என்று சொல்லாது. இங்கிலாந்தில் 1986இல் கொலை விசாரணையொன்றில் முதன்முதலாக அதைப் பயன்படுத்தியபோது, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த இளைஞன் அதைச் செய்யவில்லை என்றுதான் முதலில் தெரியவந்தது. உண்மையான ஆள் பிறகு பிடிபட்டு 1988இல் தண்டனை பெற்றான். எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவும் நிபுணர் சொல்வதைக் கருத்தாகத்தான் ஏற்கிறது. தீர்ப்பு நீதிபதியுடையது.

மன்னார் வாசகர்: எங்கட மனிதப் புதைகுழி எலும்பை அமெரிக்காவுக்கு அனுப்பி 1404–1635 காலத்தது எண்டு 2019இல் சொன்னாங்கள். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழிக்கும் இதேதான் நடக்குமோ?

ஆய்வுகூடம் கதிரியக்கக் கரிமத்தை அளந்து தந்தது கொடுத்த எலும்புகளின் வயதை. 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளில் போனது ஆறு மாதிரி. ஒரே குழியில் வெவ்வேறு காலத்து உடல்கள் கிடக்கலாம். எந்த எலும்பை, எந்த அடுக்கிலிருந்து, யார் தெரிந்தெடுத்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

அதே வாசகர்: மீன் சாப்பிடுற சனத்தின்ர எலும்பு பழசாக் காட்டும் எண்டு வாசிச்சன். அதைக் கணக்கெடுத்தாங்களோ?

நல்ல கேள்வி. கடல்நீரில் பழைய கரிமம் இருப்பதால் கடலுணவே தின்றவரின் எலும்பு ஏறத்தாழ 400 ஆண்டு வரை மூப்பாகத் தெரியலாம். ஆனால் சோறும் மீனும் தின்றவருக்குப் பிழை அதன் ஒரு பங்குதான். 1635உடன் 200 ஆண்டைக் கூட்டினாலும் போர் நடந்த 1990 வராது.

வல்வெட்டித்துறையிலிருந்து இன்னொருவர்: அப்ப இது போர்க்காலத்து எலும்பில்லை எண்டு அரசாங்கம் சொன்னது சரி எண்டுறியள்?

நான் சொல்வது ஆறு எலும்பைப் பற்றி. மிச்ச எலும்புகளைப் பற்றி அந்த அறிக்கையில் ஒன்றுமில்லை. செம்மணிக்கு வேறு வழி இருக்கிறது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரிமம் 1963 அளவில் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. பல்லின் எனாமல் சிறுவயதில் உருவாகி மாறாமல் இருப்பதால், அந்தக் காலத்துக்குப் பின் பிறந்தவரை அது காட்டிக்கொடுக்கும். 2025இல் அங்கே எடுத்த பாடசாலைப் பை போன்ற பொருள்களும் காலத்தைச் சொல்லும். பெயரைச் சொல்ல உறவினரின் டி.என்.ஏ வேண்டும்: தாய், தகப்பன், பிள்ளை என்றால் மிக நல்லது. தாய்வழி உறவு மட்டும் மிஞ்சியிருந்தால் தாயிடமிருந்து மட்டும் வரும் மைற்றோகொண்ட்ரியா டி.என்.ஏயைப் பார்க்கலாம், ஆனால் அது ஒரே தாய்வழியில் வந்தவர்களைப் பிரித்துக் காட்டாது.

கொக்குவில்: காணி உறுதியில் கள்ளக் கையெழுத்து எண்டு எப்படிப் பார்க்கிறது?

போட்டோப்பிரதியை வைத்துக்கொண்டு மெனக்கெடாதேங்கோ. மூல உறுதியோடு சட்டத்தரணியிடம் போங்கோ.

சாவகச்சேரி: உடுப்பைச் சொப்பிங் பை இல்லாமல் வாழையிலையில் சுத்தி வைக்கலாமோ?

இலையும் ஈரம். கடதாசி.